வீட்டு வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிக்க ஆள் வைக்கிறீர்களா? அளவெடுப்பதிலிருந்து கடைசித் தவணை வரை செலவுக் கணக்கு

மூன்று பேரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டி, வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பேரும் மூன்று தொகை சொல்வார்கள். அதுவும் கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை, ஒருவர் சொன்னதில் பாதியைத்தான் இன்னொருவர் சொல்லியிருப்பார். கூடச் சொன்னவர் ஏமாற்றப் பார்க்கிறார் என்றுதான் நமக்கு உடனே தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. மூன்று பேரும் வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், நாம்தான் ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் மனதில் இருப்பது சுவரைக் கழுவி, சுரண்டி, விரிசல் அடைத்து, பெயின்ட் நன்றாகப் பிடிக்க அடியில் பிரைமர் அடித்து, அதற்கு மேல் பெயின்ட் இரண்டு கோட். இன்னொருவர் மனதில் இருப்பது துடைப்பத்தால் தூசி தட்டிவிட்டு நேராக இரண்டு கோட். வேலை முடிந்த அன்று சாயங்காலம் தெருவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதுதான் சிக்கல்.

நான் முதல் தடவை குறைந்த தொகை சொன்னவரிடம்தான் கொடுத்தேன். பெயின்ட் நல்ல பெயின்ட், டப்பா உடைத்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் பழைய பெயின்ட் மாவு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது, அதன் மேலேயே அடித்துவிட்டார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் தாள் தாளாக உரிய ஆரம்பித்தது. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கப் பழைய கலர் பொடி. புது பெயின்ட் சுவரைப் பிடிக்கவே இல்லை, தூசியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. மறுபடி அடிக்க வந்தபோது அதையெல்லாம் சுரண்டுவதற்கு ஆன கூலி, முதல் தடவை நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தைவிட அதிகம்.

இதில் விலைப் பட்டியல் எதிர்பார்க்காதீர்கள். கூலி ஊருக்கு ஊர் மாறும், பெயின்ட் விலை வருஷத்துக்கு வருஷம் மாறும், இன்று எழுதும் தொகை அடுத்த வருஷம் உங்களைத் தவறான முடிவுக்குத்தான் கொண்டுபோகும். கணக்குப் போடும் முறை மாறாது. அது கையில் இருந்தால் உங்கள் ஊர்க் கூலியையும் கடை விலையையும் போட்டு நீங்களே தொகைக்கு வந்துவிடலாம்.

1. ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே அளவெடுங்கள்

ஒரு டேப், ஒரு தாள், ஒரு மணி நேரம் போதும். வீட்டின் சுற்றளவை உயரத்தால் பெருக்குங்கள், அதிலிருந்து கதவு ஜன்னல் பரப்பைக் கழியுங்கள். கூரை சரிவாக இருந்து மேலே முக்கோணச் சுவர் வந்தால், அகலத்தை முக்கோணத்தின் உயரத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். உயரம் அளக்க ஏணி ஏற வேண்டியதில்லை. செங்கலோ பலகையோ வரிசையாகத் தெரிகிற சுவர் என்றால் ஒரு வரிசையை அளந்து எண்ணிப் பெருக்கினால் போதும், பூச்சுச் சுவர் என்றால் மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி அந்தக் கயிற்றை அளந்துகொள்ளுங்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 40 அடிக்கு 30 அடி வீடு, இரண்டு தளம், மாடிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து உயரம் 21 அடி. சுற்றளவு 140 அடி, 21 ஆல் பெருக்கினால் 2,940 சதுர அடி. 4 அடிக்கு 4 அடி ஜன்னல் 10 இருந்தால் 160, மூன்றரை அடிக்கு 7 அடி கதவு 2 இருந்தால் 49, ஆக 209 கழிந்து 2,731. இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமும் உண்டு, 3 அடி உயரம் என்றால் 420 சதுர அடி. ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே 6 அடிக்கு 2 அடி சன்ஷேட் இருந்தால் மேல்பக்கம், அடிப்பக்கம், விளிம்பு எல்லாம் சேர்த்து ஒன்றுக்குச் சுமார் 27 சதுர அடி, பத்துக்கு 270. மொத்தம் 3,421 சதுர அடி.

இப்போது இந்த வீட்டின் கட்டடப் பரப்பைப் பாருங்கள், இரண்டு தளமும் சேர்ந்து 2,400 சதுர அடி. சிலர் கட்டடப் பரப்பை வைத்தே விலை சொல்வார்கள், சிலர் சுவர்ப் பரப்பை வைத்துச் சொல்வார்கள். "சதுர அடிக்கு இவ்வளவு" என்று இருவரும் சொல்லும்போது காதில் ஒரே மாதிரிதான் விழும், ஆனால் எந்தச் சதுர அடி என்று கேட்காவிட்டால் ஒப்பிடவே முடியாது. ஜன்னல் கதவைக் கழிப்பதிலும் இதே கதைதான். ஜன்னலின் பக்கவாட்டுச் சுவரை அடிக்கும் வேலைக்கு ஈடாகத் திறப்புகளைக் கழிக்காமலே அளப்பவர்கள் உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். மீட்டரில் பேசுபவராக இருந்தால் ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி.

2. சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

மொத்தச் செலவை ஏற்றுவதும் இறக்குவதும் இதுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தால் நடுப்பகலில் தெரியாத விரிசலும் மேடுபள்ளமும் நன்றாகத் தெரியும்.

முதலில் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் கலர் பொடி ஒட்டினால் பழைய பெயின்ட்டைச் சுவரோடு பிடித்துவைக்கும் பிசின் வெயிலில் சிதைந்து, நிறம் தரும் பொடியான நிறமி மட்டும் தனியாக மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். இதைக் கழுவி எடுக்காமல் மேலே எதை அடித்தாலும் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். அடுத்து, கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து கோடு கீறி, நன்றாக ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் சில்லு சில்லாக வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. இதை நாலு திசைச் சுவரிலும் செய்யுங்கள், வெயிலும் மழையும் அதிகம் வாங்கும் சுவர்தான் முதலில் போகும். ஒரு பக்கச் சுவர் மோசமாக இருப்பதற்காக நாலு பக்கமும் முழுதாகச் சுரண்டக் காசு கொடுக்க வேண்டியதில்லை, இது நிறையப் பேருக்குத் தோன்றுவதே இல்லை.

ஈரம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். சந்தேகமான இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. உடைந்த மழைநீர்க் குழாய், கைப்பிடிச் சுவரின் மேல்தலை விரிசல், சன்ஷேட் சுவரோடு சேரும் மூலை, குளியலறைக் குழாய்க் கசிவு, தரையிலிருந்து மேலே ஏறும் ஈரம், பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த வேலைகளில் பாதி பெயின்டருடையது இல்லை, குழாய் ஆளோ கொத்தனாரோ செய்ய வேண்டியது, அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. உள்ளிருக்கும் ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, காய்ந்ததும் இங்கே விட்டுவிட்டுப் போகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும், அதனால் முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டியெடுக்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்திருந்தால் பாசி, பூஞ்சை. அதற்குப் பூஞ்சைக்கொல்லிக் கரைசல் அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவ வேண்டும். கொல்லாமல் மேலே பெயின்ட்டை அடித்தால் அது அடியிலிருந்தே மறுபடி கிளம்பி வரும்.

விரிசலில் மூன்று ரகம். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலை நல்ல பிரைமரும் கெட்டியான பெயின்ட்டுமே பெரும்பாலும் மூடிவிடும். கொஞ்சம் அகலமானதை வி வடிவில் கீறித் திறந்து, தூசி போக்கி, வெளிச்சுவருக்கென்று உள்ள நெகிழும் அக்ரிலிக் பூரணி (ஃபில்லர்) வைத்து அடைக்க வேண்டும், மேலாகப் பூசி மறைத்தால் அடுத்த கோடையில் அதே கோட்டில் திறந்துகொள்ளும். மூன்றாவது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, மாதாமாதம் அகலமாகிக்கொண்டே போவது. அதற்குப் பெயின்டர் வேண்டாம், கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சுவரைத் தட்டிப் பார்க்கும்போது ஏதாவது இடம் பொள்ளலாக ஒலித்தால் அங்கே பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது, அதை உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

புதிதாகப் பூசிய சிமென்ட்டுக்கு அவசரப்படாதீர்கள். குறைந்தது 28 நாள் காயவிடச் சொல்வது வழக்கம். புதுச் சிமென்ட்டின் காரத்தன்மை, பி.எச். அளவில் 12, 13 வரை இருக்கும், அந்தக் காரம் பெயின்ட்டின் பிசினையும் நிறத்தையும் கெடுத்துவிடும். பழைய சுவரில் இரண்டு அடி இடத்தை மட்டும் புதிதாகப் பூசினாலும் அந்த இரண்டு அடிக்கும் இதே விதிதான்.

ரொம்பப் பழைய வீடு என்றால் இன்னொரு கவலை. அந்தக் காலப் பெயின்ட்டில், முக்கியமாக மரத்திலும் இரும்பிலும் அடித்ததில், ஈயம் இருந்திருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தாலோ நெருப்புக் காட்டி உரித்தாலோ வரும் தூசும் புகையும் ஆபத்தானவை, குழந்தைகளுக்கு இன்னும் மோசம். நனைத்துச் சுரண்ட வேண்டும், கீழே பிளாஸ்டிக் விரித்து எல்லாவற்றையும் சேகரிக்க வேண்டும். இதற்கு நேரமும் கூலியும் கூடும், கொடுத்துவிடுங்கள்.

அடியில் சுண்ணாம்பு அடித்த சுவரா என்பதையும் பாருங்கள். உதிரும் சுண்ணாம்பின் மேல் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட், நிற்காது. முழுக்கச் சுரண்டியாக வேண்டும், கொட்டேஷன் எகிறுவதற்கு நியாயமான காரணம் இது.

3. எட்டாத இடத்துக்கு எப்படி எட்டப் போகிறார்கள்?

ஒரே சுவர்ப் பரப்புள்ள இரண்டு வீட்டில் ஒன்று தரைத்தளம் மட்டும், இன்னொன்று மூன்று மாடி என்றால், பெயின்ட் ஒரே அளவுதான் போகும், கூலி ஒன்றாக இருக்காது. உயரே போகப் போகச் சாரம் வேண்டும், அதன் வாடகை, கட்டி அவிழ்க்கும் கூலி, பக்கம் பக்கமாக மாற்றும் நேரம் எல்லாம் சேரும். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நம் சுவருக்கும் நடுவில் இரண்டடிச் சந்துதான் இருக்கிறது என்றால் அங்கே ஏணியே சரியாக நிற்காது. ஏணி நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், அதாவது 20 அடி உயரத்தில் சாய்த்தால் அடிப்பாகம் 5 அடி தள்ளி. இடம் இல்லாத பக்கத்துக்குச் சாரமோ மேலிருந்து தொங்கவிடும் பலகையோ வேண்டும், இரண்டுக்கும் கூடுதல் செலவு.

சாரம் யார் பொறுப்பு, வாடகை தொகைக்குள் அடக்கமா, மழையால் நாள் நீண்டால் கூடுதல் வாடகை யார் தலையில் என்று மூன்று கேள்வியையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சுவருக்கு அருகே மின்கம்பி போகிறதென்றால் வேலை தொடங்கும் முன் மின்துறையிடம் சொல்லி உறை போடவோ இணைப்பைத் துண்டிக்கவோ ஏற்பாடு செய்யுங்கள். கட்டட வேலையில் உயிர்ப்பலிக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று உயரத்திலிருந்து விழுவது. வேலையாட்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, பாதுகாப்புப் பெல்ட் கொண்டுவருகிறார்களா என்று கேட்பதைச் சங்கடமாக நினைக்காதீர்கள். இவை இல்லாததாலேயே ஒருவரின் விலை குறைவாக இருந்தால் அந்த மலிவு எனக்கு வேண்டாம்.

4. எத்தனை லிட்டர் பெயின்ட் வேண்டும்

கடைக்காரர் ஒன்று சொல்வார், பெயின்டர் ஒன்று சொல்வார். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பெயின்ட்டின் தொழில்நுட்பத் தாளில், காய்ந்த பிறகு சுவரில் மிஞ்சும் திடப்பொருள் கன அளவில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். அந்தச் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி, காய்ந்த படலம் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்க வேண்டுமோ அதால் வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் வரும் என்று கிடைக்கும். 40 சதவீதத் திடப்பொருள், 40 மைக்ரான் படலம் என்றால் லிட்டருக்கு 10 சதுர மீட்டர், சுமார் 107 சதுர அடி, அதுவும் ஒரு கோட்டுக்கு. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 53 சதுர அடி. நம் உதாரண வீட்டின் 3,421 சதுர அடிக்கு 64, 65 லிட்டர். இது வழவழப்பான சுவருக்கு, சிந்தாமல் சிதறாமல் அடித்தால். சொரசொரப்பான பூச்சு என்றால் ஒன்றரை மடங்கு வரைகூடப் போகும், ஏனென்றால் மேடுபள்ளம் எல்லாம் பரப்புதான்.

இந்த எண் கையில் இருந்தால் ஒரு நல்ல சோதனை செய்யலாம். இதே வீட்டுக்கு ஒருவர் "40 லிட்டர் போதும் சார், இரண்டு கோட் தாராளமாக வரும்" என்றால், ஒன்று அவர் ஒரு கோட்தான் அடிக்கப் போகிறார், இல்லையென்றால் அளவுக்கு மீறித் தண்ணீர் கலக்கப் போகிறார். தண்ணீர் கலப்பது தப்பில்லை, டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் கலப்பதுதான் தப்பு. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், சுவரில் மிஞ்சும் படலம் மெல்லிசாகிவிடும், ஆயுளும் அதோடு குறையும்.

நிறமும் செலவைத் தொடும். அடர்ந்த நிறங்களுக்கான அடிப்படைப் பெயின்ட்டில் (கடையில் நிறம் கலக்கும் முன் இருக்கும் பெயின்ட்) மறைக்கும் வேலையைச் செய்யும் வெள்ளை நிறமி, டைட்டானியம் டை ஆக்சைடு, குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். அதனால் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் மூன்றாவது கோட் கேட்கும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கவும் செய்யும். வெளிர் நிறம் மலிவு, வெப்பத்தையும் திருப்பி அனுப்பும். பழுப்பு, செம்மண், சாம்பல் போன்ற இரும்பு ஆக்சைடு வகை நிறங்கள் வெயிலைத் தாங்கும். அடர்நிறம்தான் வேண்டும் என்றால் முகப்பில் ஒரு பட்டைக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளிராக விடுங்கள் என்பேன், ரசனை உங்களுடையது.

பெயின்ட்டில் மலிவு ரகம் வாங்கலாமா? கணக்கு இப்படி. மொத்தச் செலவு 100, அதில் பெயின்ட் மட்டும் 25 என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் விலை கூடிய பெயின்ட்டை எடுத்தால் மொத்தம் 110 ஆகிறது. சாரமும் சுரண்டலும் கூலியும் மாறவில்லை. அந்தப் பத்துக்கு இரண்டு மூன்று வருஷ ஆயுள் கூடக் கிடைத்தால் அடுத்த சாரத்தை அத்தனை வருஷம் தள்ளிப்போடுகிறோம். கூலி அதிகமான ஊர்களில் பெயின்ட்டின் பங்கு இன்னும் சின்னது, அங்கே மலிவுப் பெயின்ட்டுக்கு நியாயமே இல்லை.

எலாஸ்டோமெரிக் என்று கெட்டியாக, ரப்பர் மாதிரி நீளும் ரகம் ஒன்று உண்டு. மயிரிழை விரிசல் நிறைய உள்ள சுவருக்கு நல்லது, ஆனால் லிட்டருக்குப் பரப்பு பாதிக்கும் குறைவாகத்தான் வரும். அடியில் ஈரமுள்ள சுவரில் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். "வாட்டர்ப்ரூஃப்" என்ற வார்த்தையைக் கேட்டு மயங்க வேண்டாம்.

இரும்புக் கதவு, கிரில், மரவேலை எல்லாம் வேறு கணக்கு. துரு நீக்குதல், தனிப் பிரைமர், தனிப் பெயின்ட். கொட்டேஷனில் இவை தனி வரியாக வரட்டும்.

5. நாள்கூலியா, கூலி ஒப்பந்தமா, மொத்தமா?

நாள்கூலிக்கு வைத்தால் வேலை அவசரமில்லாமல் நடக்கும், சில சமயம் நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் வீட்டில் இருந்து பார்க்க முடியும், சின்ன வேலை, எவ்வளவு சுரண்ட வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்ற நிலையில் இதுதான் சரி. கூலியை மட்டும் ஒப்பந்தமாகப் பேசி, பொருளை நீங்கள் வாங்கிக் கொடுப்பது இரண்டாவது வகை. பெயின்ட்டின் ரகத்தில் ஏமாற்று நடக்காது, ஆனால் வேலை பாதியில் நிற்கும்போது கடைக்கு ஓடுவது நீங்கள். அப்புறம் பொருளோடு சேர்த்து மொத்தமாக விடுவது. தலைவலி குறைவு, ஆனால் பெயின்ட்டின் பெயர், ரகம், லிட்டர் எல்லாம் எழுத்தில் இல்லையென்றால் அவர் லாபம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், வெளியூரில் இருந்துகொண்டு வேலை வாங்குபவருக்கு மூன்றாவதைத் தவிர வழியில்லை.

6. கொட்டேஷனைக் கேட்கும் விதம்

"எவ்வளவு ஆகும்" என்று கேட்காதீர்கள். உங்கள் அளவையும் சுவரில் பார்த்ததையும் ஒரு தாளில் எழுதி, எல்லோருக்கும் அதே தாளைக் கொடுங்கள். எந்தச் சுவரை முழுக்கச் சுரண்ட வேண்டும், எதைக் கழுவினால் போதும், விரிசல் சுமாராக எத்தனை அடி நீளம், பிரைமர் எத்தனை கோட், பெயின்ட் எத்தனை கோட், எந்த ரகம், சாரம் யாருடையது, தரை, செடி, ஜன்னல் கண்ணாடியை மூடுவது யார், குப்பை யார் அள்ளுவது. இதே தாளுக்கு வரும் மூன்று விலையைத்தான் ஒப்பிட முடியும். வீட்டைப் பார்க்காமல் போனிலேயே விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். சுவரைத் தட்டிப் பார்த்து, கையால் தேய்த்துப் பார்த்து, நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்பவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் அவர் பக்கம் சாயலாம்.

அவர் முன்பு அடித்த வீடுகளில் போன மாதம் முடித்ததைக் காட்டுவார். மூன்று வருஷத்துக்கு முன் முடித்ததைக் கேளுங்கள். புதுசாக இருக்கும்போது எல்லா வீடும் அழகுதான்.

வந்த தொகையைச் சரிபார்க்க ஆள்நாள் கணக்குப் போடலாம். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை நாள் என்று கேளுங்கள். நாலு பேர் ஒன்பது நாள் என்றால் 36 ஆள்நாள். கூலித் தொகையை உங்கள் ஊர் பெயின்டரின் ஒரு நாள் கூலியால் வகுத்தால் எத்தனை வருகிறது? 45 வந்தால் மேஸ்திரியின் மேற்பார்வை, வண்டி, கருவி, லாபம் எல்லாம் அந்த இடைவெளியில் இருக்கிறது, அவரும் பிழைக்க வேண்டும். 90 வந்தால் பேரம் பேச இடம் உண்டு. 25 வந்தால்தான் நான் பயப்படுவேன். யாரும் கைக்காசு போட்டு நம் வீட்டுக்கு அடிக்க மாட்டார்கள், 11 ஆள்நாள் வேலை எங்கேயோ காணாமல் போகப் போகிறது, அது அநேகமாகச் சுரண்டும் வேலையாகத்தான் இருக்கும்.

பேரம் பேசும்போது தொகையை மட்டும் இறக்கச் சொன்னால் அவர் சரி என்பார், பிறகு வேலையில் இறக்குவார். அதற்குப் பதிலாக வேலையை நாமே குறைக்கலாம். பின்பக்கச் சுவர் நன்றாக இருக்கிறதென்றால் அங்கே பிரைமர் வேண்டாம், செடித்தொட்டிகளை நாங்களே நகர்த்திவிடுகிறோம், வெளிர் நிறமே போதும், வேலை குறைவான மாதத்தில் வாருங்கள் என்று கேளுங்கள். இதில் வரும் தள்ளுபடியால் சுவருக்கு ஒரு கெடுதலும் வராது.

7. எப்போது அடிப்பது

எல்லோரும் பெயின்ட் அடிக்கும் மாதங்களில் ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறார்கள் என்று மழைக்கு நடுவில் அடிக்க வேண்டாம். கழுவிய சுவர் நல்ல வெயிலில்கூட ஒன்றிரண்டு நாள் காய வேண்டும். பெரும்பாலான எமல்ஷன்களுக்குச் சுவரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். கொதிக்கும் சுவரிலும் அடிக்கக் கூடாது, மேல்தோல் உடனே காய்ந்து பிடிப்பு வராது. தொழில் தெரிந்தவர்கள் காலையில் மேற்குப் பக்கம், மதியத்துக்கு மேல் கிழக்குப் பக்கம் என்று நிழலைப் பின்தொடர்ந்து அடிப்பார்கள். உங்கள் ஆள் இப்படிச் செய்கிறாரா என்று பாருங்கள், அவர் கற்ற இடம் தெரிந்துவிடும்.

8. பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது

முழுத் தொகையையும் முன்பணமாக யாருக்கும் கொடுக்காதீர்கள். தொடங்கும்போது பொருள் வாங்கும் அளவுக்கு ஒரு பங்கு. சுரண்டல், கழுவல், விரிசல் அடைத்தல் முடிந்து பிரைமர் அடிப்பதற்கு முன் நீங்கள் பார்த்துச் சரி சொன்னதும் ஒரு பங்கு. இந்தத் தவணைதான் முக்கியம், ஏனென்றால் பிரைமர் ஏறிவிட்டால் அடியில் என்ன செய்தார்கள் என்று கடவுளுக்கும் பெயின்டருக்கும்தான் தெரியும். முதல் கோட் முடிந்ததும் ஒன்று. கடைசிப் பத்து சதவீதத்தைச் சாரம் அவிழ்க்கும் முன் பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் பார்த்து, குறைகளைச் சரிசெய்த பிறகு கொடுங்கள். சாரம் அவிழ்த்த பின் "அங்கே ஒரு இடம் விட்டுப்போச்சு" என்றால் யாரும் திரும்ப ஏற மாட்டார்கள்.

முதல் கோட்டையும் இரண்டாவது கோட்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. முதல் கோட்டுக்கு ஒரு சாயல் வெளிராகக் கலக்கச் சொல்லுங்கள். இரண்டாவது கோட் ஏறாத இடம் தானாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் டப்பாவில் சொன்ன இடைவெளி, பொதுவாக நாலு முதல் ஆறு மணி நேரம், விடுகிறார்களா என்றும் பாருங்கள். காலி டப்பாக்களை அன்றன்றைக்கு எண்ணி ஒரு மூலையில் அடுக்கச் சொல்லுங்கள். 65 லிட்டர் என்று பேசியிருந்தால் 65 லிட்டருக்கான டப்பா அங்கே இருக்க வேண்டும்.

எழுத்தில் வாங்கும் உத்தரவாதம் எதற்கு என்று படித்துப் பாருங்கள். பெயின்ட் தயாரிப்பாளர் தருவது பொதுவாகப் பெயின்ட்டுக்கு மட்டும், அதுவும் அவர்கள் சொன்ன பிரைமரும் கோட் எண்ணிக்கையும் அடித்திருந்தால். கூலி அதில் வராது. வேலைக்கு மேஸ்திரி தனியாக ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ எழுதிக் கொடுப்பாரா என்று கேளுங்கள், எந்தெந்தக் குறைக்கு என்பதோடு.

எதிர்பாராத செலவுக்கென்று மொத்தத்தில் பத்து, பதினைந்து சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். சுரண்டும்போது பூச்சு கையோடு வருவது, சன்ஷேட் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிவது எல்லாம் சாரத்தில் ஏறிய பிறகுதான் தெரியும். அப்படி வரும் கூடுதல் வேலைக்கு என்ன விலை என்பதையும் ஒப்பந்தத்திலேயே அடிக்கணக்கில் பேசிவைத்துவிட்டால், நடுவில் நின்று பேரம் பேச வேண்டியிருக்காது.

கடைசியாக, மிச்சமிருக்கும் பெயின்ட்டில் ஒரு லிட்டரை இறுக மூடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். நிறத்தின் எண், பெயின்ட்டின் பெயர், பிரைமரின் பெயர், அடித்த மாதம், எத்தனை லிட்டர் ஆனது என்பதை ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை வருபவர் அடியில் என்ன பெயின்ட் இருக்கிறது என்று கேட்பார், கதவைத் திறந்து காட்டிவிடலாம்.